வேறொருத்தியின் கழுத்து

என் மகளின் தலையை வெட்டி யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அதை எனக்குக் காட்டியவர், நான் வேலை பார்க்கும் வெஸ்ட்கேட் மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்த யாழ்ப்பாணத்துப் பெண்மணி. அவருடைய மகளும் என் மகளும் ஒரே கிளப்பில் கால்பந்து ஆடுகிறவர்கள். மைதான ஓரத்தில் ஒரே குடைக்குள் நின்று எத்தனையோ சனிக்கிழமைகளை நாங்கள் கழித்திருக்கிறோம்.

“அக்கா, உங்கட பிள்ளை நியூசிலாந்து டீமுக்கு விளையாடப் போறாவாம். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல, பாத்தீங்களே,” என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டு போனை நீட்டினார்.

வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஃபிளெக்ஸ் பேனரின் படம். ஊரில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் தெருவை மறைத்து வைப்பார்களே, அதே ரகம். கடல் கடந்து வந்தும் நம் ஆட்கள் அதை விடவில்லை. நியூசிலாந்தின் கருப்புச் சட்டை, நெஞ்சில் அந்நாட்டு அணிகளின் சின்னமான வெள்ளிப் பெரணி இலை, மேலே என் மகளின் தலை. “நியூசிலாந்து தேசிய அணியில் ஆடவிருக்கும் எங்கள் தமிழ்ப் பெண் சிங்கமே, வருக!” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே ஒரு தமிழ்ச் சங்கத்தின் நிர்வாகிகள் கோட்டும் சூட்டுமாக வரிசை கட்டி நின்றார்கள். தலைவரின் படம் என் மகளின் படத்தைவிடப் பெரிது.

“ஆனா முகம் வேற மாதிரிக் கிடக்கு, என்ன?” என்றார் அந்தப் பெண்மணி, போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு. “வெள்ளையடிச்சுப் போட்டாங்கள்.”

உண்மைதான். கடன் வாங்கிய கழுத்தோடு நிறம் பொருந்த வேண்டும் என்பதற்காக முகத்தை வெளுத்திருந்தார்கள். அவள் அப்பாவைப் போல நல்ல கருப்பு. அந்த நிறத்தில்தான் நான் அவளைப் பெற்றேன். மருந்துச் சீட்டோடு ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய மாத்திரையை இன்னொரு ஆளிடம் சரிபார்க்கக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

அந்த பேனரில் இருந்த பொய்களில் முகம் சின்னப் பொய். பெரிய பொய் சட்டை. நியூசிலாந்து அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவளும் நியூசிலாந்தைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இங்கே எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் மதுரைப் பக்கம். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டேன். என் கணவர் ஃபிஜியில் பிறந்தவர், எலெக்ட்ரிஷியன். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர்கள். ஏறும்போதோ இறங்கும்போதோ, பெயர் கேட்டு எழுதிய குமாஸ்தா தன் காதில் விழுந்ததை எழுதினான். நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று நடுவில் ஓர் எழுத்தை இழந்து, கடைசியில் சம்பந்தமில்லாத இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தின் பெயராக நிலைத்துவிட்டது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களும் மனதுக்குள் திருத்துவீர்கள்.

எல்லோரும் திருத்துகிறார்கள். ஆக்லாந்தில் எந்தத் தமிழ் நிகழ்ச்சிக்குப் போனாலும் முதல் கேள்வி “ஊர்ல எங்க?” என்பதுதான். நான் மதுரை என்பேன், முகங்கள் மலரும். அவர் ஃபிஜி என்பார். “ஓ, ஃபிஜியா” என்று ஒரு ஓ போடுவார்கள் பாருங்கள், அந்த ஓவுக்கு ஒரு அறை கொடுக்கலாம். அடுத்து, “அப்ப உங்களுக்குத் தமிழ் வராதா?” அதற்கடுத்து அவர் பெயரைக் கேட்டுவிட்டு, “இது தப்பாச்சே, சரியாச் சொன்னா இப்படி வரணும்” என்று அவருக்கே அவர் பெயரை வகுப்பு எடுப்பார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சிரிப்பார். பொங்கல் விழாவுக்கு மேடை விளக்கு மாட்டிக் கொடுக்கும் அன்று மட்டும் அவர் ‘நம்ம ஆள்’. அன்றும் நன்றியுரையில் அவர் பெயரைத் திருத்தித்தான் படித்தார்கள்.

மகள் பிறந்தது இங்கே, வளர்ந்தது ஆக்லாந்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ரானுயியில். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அவளிடம் இரண்டு பாஸ்போர்ட் இருக்கிறது. ஃபிஜி இரட்டைக் குடியுரிமையை அனுமதித்த பிறகு ஒருநாள் என் கணவர் சத்தமில்லாமல் தூதரகம் வழியாக அவளை அங்கேயும் பதிந்துவிட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த நாட்டில் இந்திய வம்சாவளியினருக்கு எதிராக ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தபோது அவர் அப்பாவின் துணிக்கடையைச் சூறையாடிவிட்டார்கள். அதன்பின் கிளம்பி வந்தவர் திரும்பி அங்கே காலை வைத்ததில்லை. அதைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே தோட்டத்துக்குப் போய்விடுவார். எதற்காகப் பதிந்தீர்கள் என்று கேட்டதற்கு, “இருக்கட்டும்” என்றார். அதற்கு மேல் நானும் கிளறவில்லை.

மகள் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரி. யாரும் படம் எடுக்காத இடம் அது. பள்ளியில் படித்தபோது நியூசிலாந்தின் இளையோர் முகாமுக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். பிறகு எப்போது கேட்டாலும், உன் மீது ஒரு கண் வைத்திருக்கிறோம் என்பார்கள். கண் வைத்ததோடு சரி. இந்த வருடம்தான் ஃபிஜி பெண்கள் அணியிலிருந்து அழைப்பு வந்தது. ஆக்லாந்தில் நடக்கவிருந்த தகுதிச் சுற்றுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாட்டின் பெரியவர்கள் அணிக்காகப் போட்டி ஆட்டங்களில் இறங்கிவிட்டால் அப்புறம் இன்னொரு நாட்டுக்கு மாறுவது லேசில் நடக்காது. அதனால் யோசிக்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

அவள் யோசிப்பதற்குள் ஊரே யோசித்துவிட்டது. சங்கத் தலைவரின் மனைவி கோயிலில் என்னைப் பிடித்து விசாரித்தபோது, இரண்டு நாட்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது, யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் உளறிவிட்டேன். அன்றிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. ஒருவர், நியூசிலாந்து அணியில் உட்கார வைத்தாலும் அது பெருமை என்றார். இன்னொருவர், ஃபிஜிக்கு ஆடினால் பின்னால் வேலைக்குப் போகும்போது அதை எங்கே எழுதிக் காட்டுவது என்று கவலைப்பட்டார். மூன்றாமவர் உணர்ச்சிவசப்பட்டு, “இந்தியாவுக்கு ஆடச் சொல்லுங்க, ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார். அதற்கு நியூசிலாந்து பாஸ்போர்ட்டை விட வேண்டுமே என்றேன். “ஐயோ, அப்ப வேணாம்” என்று ரத்தத்தை உடனே கீழே இறக்கி வைத்தார். மார்க்கெட்டில் கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பது போல ஒரு பெண்ணின் இரண்டு நாடுகளையும் அழுத்திப் பார்த்தார்கள். ஒருவராவது அவளுக்கு எங்கே ஆடப் பிடிக்கிறது என்று கேட்டிருந்தால் இந்த எரிச்சல் எனக்குப் பாதியாகக் குறைந்திருக்கும்.

எனக்கும் நியூசிலாந்துச் சட்டை மீது உள்ளூர ஓர் ஆசை இருந்தது. இருந்தது என்பதை மறைப்பானேன். ஆனால் அவளை மாங்கரேயில் நடந்த ஃபிஜி அணியின் பயிற்சிக்கு ஒருமுறை காரில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பும்போது அந்த ஆசை போய்விட்டது.

அன்று அவள் வழக்கத்துக்கு மாறாகப் பாட்டை நிறுத்திவிட்டுப் பேசினாள். பயிற்சி தொடங்கும்போது அணியின் தலைவி வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். இவள் முறை வந்ததும், வழக்கம்போல எழுத்துக்கூட்டிச் சொல்லத் தயாராக இருந்திருக்கிறாள். பள்ளியில் ஆசிரியர்கள் அந்தப் பெயரின் முன்னால் வந்து திணறி நிற்பார்கள். தமிழ் நிகழ்ச்சிகளில் திருத்துவார்கள். இந்தப் பெண்ணோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்தப் பெயரைச் சரளமாகச் சொல்லிவிட்டு, அடுத்த பெயருக்குப் போய்விட்டாளாம். தன் வகுப்பில் அதே பெயரில் இருவர் படித்ததாகப் பிறகு சொன்னாளாம்.

“அவங்க சும்மா சொன்னாங்க, அம்மா. அவ்வளவுதான்,” என்றாள் என் மகள் ஆங்கிலத்தில். “எதுவும் கேட்கலை.”

அந்த வாரமே முடிவெடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியின்போது நேரில் சரி சொல்வதாக இருந்தாள். வியாழக்கிழமை இந்த பேனர் வந்தது. இரண்டு நாடு என்று நான் சொன்னதில் காதில் விழுந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதிவிட்டார்கள். குமாஸ்தாக்கள் இன்னும் சாகவில்லை.

அதைவிடக் கேவலம், பெயர். என் கணவரின் குடும்பப் பெயரைப் பேனரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டு, இரண்டிலும் திருத்தியிருந்தார்கள். விட்டுப்போன எழுத்தைச் சேர்த்து, ஒட்டிக்கொண்ட எழுத்தை வெட்டி, சுத்தத் தமிழாக்கி, கூடவே “மதுரை மண்ணின் மகள்” என்று ஒரு பட்டமும் கொடுத்திருந்தார்கள். ஃபிஜி என்ற சொல் எங்கேயும் கிடையாது. பெற்ற அப்பனை ஒரே இரவில் இல்லாமல் ஆக்கியிருந்தார்கள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது மகள் சமையலறையில் போனைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். படம் உறவுக்காரர்களின் குழுக்கள் வழியாக ஃபிஜிவரை போய், அங்கிருந்து அணியின் மேலாளரான ஓர் அம்மாளின் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவர் மரியாதையாகத்தான் பேசினாராம். வாழ்த்துச் சொன்னாராம். நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் வருத்தப்பட்டாராம். அந்த இடத்துக்கு இன்னொரு பெண்ணைக் கேட்டாகிவிட்டதாம். இவள் இது பொய் என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். ஆனால் அணிப் பெண்கள் எல்லோரும் படத்தைப் பார்த்திருந்தார்கள். நியூசிலாந்து கிடைக்காவிட்டால் இருக்கட்டும் என்று தங்களைக் கைவசம் வைத்திருந்தவள் என அவர்கள் நினைக்கிறார்களாம்.

“நான் எதுவுமே செய்யலை, அம்மா,” என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

என் கணவர் பேனரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், பெயருக்கு வந்ததும் நிறுத்தினார். பிறகு போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

நான் காரை எடுத்துக்கொண்டு பக்குரங்காவுக்குக் கிளம்பினேன். சங்கத் தலைவரின் வீடு அங்கேதான். ரானுயியிலிருந்து ஊரின் அந்தக் கோடிவரை, வேலை முடிந்து வீடு திரும்பும் நெரிசலில், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். நல்ல நல்ல வசவுகள் வந்தன. கதவைத் திறந்ததும், “வாங்க தங்கச்சி, வாங்க வாங்க, காபியா டீயா?” என்று அவர் கேட்டதில் பாதி மறந்துவிட்டது.

“அண்ணா, அந்த ஃபிளெக்ஸ யாரக் கேட்டுப் போட்டீங்க?”

“என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? நம்ம பொண்ணு. நாம பெருமைப்படுத்தாம வேற யாரு செய்வா? இந்த வாரம் ஹால்ல மாட்டிட்டோம். சித்திரைத் திருவிழால மேடைல கூப்பிட்டுப் பொன்னாடை போடுறோம். எம்.பி. ஒருத்தர் வரேன்னு சொல்லியிருக்காரு.”

“அவ நியூசிலாந்துக்கு ஆடல. ஃபிஜிக்கு ஆடுறா. உங்க படத்தால அதுவும் போகப் போகுது.”

அவர் முகம் சுருங்கியது. மகளின் இடம் போனதற்காக என்று ஒரு கணம் நினைத்தேன்.

“ஃபிஜியா?” என்றார். “அதுக்கு எப்படிம்மா விழா எடுக்குறது? நம்ம மெம்பர்ஸ் கேப்பாங்கல்ல. சின்ன நாடு. அதுவும் அவங்க நம்மாளுகள எப்படி விரட்டுனாங்கன்னு உங்க வீட்டுக்காரருக்கே தெரியும்.”

என் வீட்டுக்காரரின் வாழ்க்கையில் நடந்த அந்த ஒரே விஷயத்தை மட்டும் இவர் ஞாபகம் வைத்திருக்கிறார். அதுவும் எனக்கு எதிராக எடுத்துப் போட. எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த மனிதரின் மழித்த முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை.

“சரி, அவர் பேரை ஏன் மாத்துனீங்க?”

“மாத்தலம்மா, திருத்துனேன். அது தப்பா இருந்துச்சு. நாளைக்கு நம்ம பிள்ளைங்க பாத்தா தப்பாக் கத்துக்கும்ல?” என்றார், எனக்கு நல்லது செய்த முகத்தோடு. பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். “இப்ப என்ன, சட்டைதான பிரச்சனை? டிசைன் பண்றவரு சென்னைல இருக்காரு. ஃபிஜி சட்டை வெள்ளைதான, சொன்னா அஞ்சு நிமிஷத்துல கருப்ப வெள்ளையாக்கிக் குடுத்துருவாரு. மாத்திக்கலாம்மா, விடுங்க.”

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே உதவுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். எனக்கு அருவருப்பு உச்சத்துக்குப் போனது அப்போதுதான். ஒருத்தி தன் நாடு எது என்று எத்தனை நாளாக மனதுக்குள் மல்லாடியிருக்கிறாள். இவருக்கு அது சாயம். காபி வருவதற்குள் எழுந்துவிட்டேன். ஹாலில் மாட்டியதை இன்றைக்கே கழற்ற வேண்டும், வாட்ஸப்பில் மறுப்புப் போட வேண்டும் என்றேன். கழற்றுவதாகச் சொன்னார். மறுப்புப் போடுவது சங்கத்துக்கு மரியாதையாக இருக்காது என்றார். போடவும் இல்லை.

நான் திரும்பியபோது என் கணவர் வாசலில் வேனுக்குள் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. ஆங்கிலமும் இல்லை, இந்தியும் இல்லை, எனக்காகக் கற்றுக்கொண்ட உடைந்த தமிழும் இல்லை. அந்தத் தீவின் பூர்வகுடிகள் பேசும் மொழி. இத்தனை வருடக் கல்யாணத்தில் அந்த மொழி அவருக்கு வரும் என்பதே எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்றுக்கொண்டது என்றார் பிறகு. கடையைச் சூறையாட வந்த கூட்டத்தில் அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவனும் இருந்தான் என்றார். அன்றோடு அந்த மொழியைப் பேசுவதை விட்டுவிட்டாராம்.

பேசியது அந்த மேலாளர் அம்மாளிடம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“படம் பொய், அப்படிச் சொன்னேன். எங்க பேர் அதுல இல்ல, பாருங்க சொன்னேன். இது எங்க பேர் இல்ல, அப்ப இது எங்க பொண்ணு இல்ல.” வேனிலிருந்து இறங்கிக்கொண்டே, “அந்தம்மா எழுத்து எழுத்தாப் பாத்துச்சு. அப்புறம் சிரிச்சுச்சு,” என்றார்.

மேலாளர் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், அந்த இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஆடிக் காட்டட்டும், பயிற்சியாளர் முடிவு செய்வார் என்று மட்டும் சொல்லியிருந்தார். ஞாயிறன்று மாங்கரேயில் விடாத மழை. முதல் பாதி முழுக்க யாரும் அவளுக்குப் பந்தைத் தரவில்லை. வேண்டுமென்றே தரவில்லை என்று மைதான ஓரத்தில் நின்ற எனக்கே தெரிந்தது. அவள் கேட்கவும் இல்லை. எதிரில் வந்தவர்களிடமிருந்து தானே பறித்துத் தன் அணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பறிப்பதுதான் அவள் வேலை. இரண்டாம் பாதியில் அந்த அணித்தலைவி அவள் குடும்பப் பெயரைச் சொல்லிக் கத்தி, பந்தை அவள் காலுக்கு அனுப்பினாள். என் கணவர் குடையை மூடிவிட்டு மழையில் நின்றார்.

அணியில் சேர்த்துக்கொண்டார்கள், மாற்று ஆட்டக்காரியாக.

செய்தி பரவியதும் சங்கத் தலைவரிடமிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. அதே பேனர், அதே கழுத்து. சட்டை மட்டும் வெள்ளை. நெஞ்சில் இருந்த பெரணி இலையைச் சரியாக அழிக்காததால் அது கறை மாதிரித் தெரிந்தது. முகத்தின் நிறம் மாறவில்லை. பெயரும் திருத்தியபடியே இருந்தது. “ஓகேவா தங்கச்சி?” என்று கேட்டிருந்தார்.

நியூசிலாந்தோடு ஆட்டம் நடந்த அன்று சங்கத்து ஆட்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் நியூசிலாந்துக் கொடி. அதில் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் வாழும் நாடு இது. என் மகளும் இங்கேயே பிறந்தவள்தான். எரிச்சல் என்னவென்றால், அவ்வளவு பேர் கொடியோடு உட்கார்ந்துகொண்டு, எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி, “நம்ம பொண்ணுக்குத்தான் வந்திருக்கோம்” என்று கூவியதுதான்.

ஃபிஜி படுதோல்வி. மறைக்க ஒன்றுமில்லை. இரண்டாம் பாதியில் கோல்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தபோது என் மகளை இறக்கினார்கள். ஒலிபெருக்கியில் அவள் பெயரை அறிவித்தார்கள். அந்தக் குமாஸ்தா எழுதியபடியே, ஓர் எழுத்து குறைவாக, ஓர் எழுத்து கூடுதலாக, திணறாமல், திருத்தாமல் மைதானம் முழுக்க அது கேட்டது. அவள் முதுகிலும் அதே எழுத்துகள்தான். என் கணவர் எழுந்து நின்றார். ஃபிஜியின் கொடியைப் பார்த்துக்கூட அவர் எழுந்து நின்றதில்லை. ஆட்டம் முடியும்வரை உட்காரவில்லை, பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தும் உட்காரவில்லை. நான் அழுதேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆட்டம் முடிந்து வீராங்கனைகள் கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்தபோது தலைவர் எங்களுக்கு முன்னால் போய்விட்டார். கைப்பையிலிருந்து சரிகை போட்ட ஒரு பொன்னாடையை உருவினார். எம்.பி. வரவில்லை என்றாலும் பொன்னாடை வீணாகக் கூடாதல்லவா. புகைப்படம் எடுக்க ஆளும் தயார்.

“பிரமாதமா ஆடினம்மா! இவ்வளவு கோல் வாங்கிட்டாங்களேன்னு மனசத் தளர விட்றாத. நீ யாரு, நம்ம மதுரைப் பொண்ணு. அடுத்த தடவை நல்ல டீமாப் பாத்துச் சேர்ந்துரலாம்,” என்று சொல்லிக்கொண்டே சுவருக்கு மேலாகக் குனிந்து அவள் தோளில் போர்த்தினார். அது தோள் வழியாகச் சரிந்து அவள் முதுகை மூடியது. பெயர் மறைந்தது. படம் எடுத்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அதை உருவிவிட்டாள். முகத்தைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள், தன் சொந்தக் கழுத்தை, நன்றாக அழுத்தி. குனிந்து முழங்கால் சேற்றை வழித்தாள், பூட்ஸ் முனையைத் துடைத்தாள். கடைசியில் மூக்கையும் சிந்திவிட்டு, அதை நான்காக மடித்து அவரிடம் நீட்டினாள்.

“தேங்க்ஸ் அங்கிள். ஐ நீடட் எ டவல்.”

அவர் கை நீட்டவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நம் பண்பாடு எங்கே தெரியப் போகிறது என்று ஆங்கிலத்தில் வருத்தப்பட்டார். அவள் பொன்னாடையைச் சுவரின் மேல் வைத்துவிட்டு, அந்த முதுகைக் காட்டிக்கொண்டு தன் அணியோடு நடந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் வேனில் என் கணவர் கண்ணாடி வழியாகப் பின்சீட்டை அடிக்கடி பார்த்துக்கொண்டு வந்தார். எத்தனை பொங்கல், எத்தனை சித்திரை, எத்தனை சிறப்பு விருந்தினர்கள். சின்ன வயதிலிருந்து அவளைச் சங்கத்து மேடைகளுக்கு முன்னால் உட்கார வைத்தவள் நான். கடைசியில் அவர்தான் கேட்டார், தன் உடைந்த தமிழில்.

“அது துண்டு இல்ல, பொன்னாடை. உனக்குத் தெரியாதா?”

“தெரியும்,” என்றாள், தமிழில்.